அழுக்குத் தெரியாத கலர்

எங்கள் வீட்டில் பயணத்துக்குத் துணி எடுக்க ஒரே சட்டம்தான்: அழுக்குத் தெரியாத கலராக இருக்க வேண்டும். ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து போனாலும் இறங்குகிற இடத்தில் நாலு பேர் முன்னால் நிற்க முடிய வேண்டும். காப்பிப்பொடி, சாம்பல், கரும்பச்சை, அரக்கு. வெள்ளைச் சட்டையோடு ரயிலேறக் கிளம்பினால் அம்மா வாசலிலேயே நிறுத்தி உள்ளே அனுப்பிவிடுவாள்.

இப்படி வளர்ந்தவன் மலையேற்றச் சாமான் விற்கும் கடைக்குள் போனால் முதலில் கண் கூசும். எலுமிச்சை மஞ்சளில் கூடாரம், ராணி கலரில் முதுகுப்பை, கிளிப்பச்சையில் கயிறு. ஒரு மூலையில் மட்டும் பாசி, காக்கி, களிமண் நிறங்கள் ஒதுங்கிக் கிடந்தன. “அது டல்லா இருக்கும் சார், போட்டோவுல எடுக்காது” என்றான் விற்பனைப் பையன். நான் அந்த மூலைக்கே போனேன். பாசி நிறக் கூடாரம், சாம்பல் ஜெர்கின், கரும்பச்சைப் பை. கூட வந்த மதுரை நண்பர் மிளகாய்ப்பழச் சிவப்பில் ஜெர்கினும் செம்மஞ்சளில் பையும் எடுத்தார். பில் போடும்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது.

“தொலைஞ்சா என்னைய அன்னைக்கே கண்டுபிடிச்சிருவாய்ங்க. உன்னையத் தேட அடுத்த வருசம் ஆள் அனுப்பணும்” என்றார்.

“மலைக்கு வர்றவன் மலையைப் பாக்க வர்றான்யா. உன் ஜெர்கினைப் பாக்கவா வர்றான்?” என்றேன்.

இந்தச் சண்டை எங்களோடு சென்னையில் ரயிலேறி, நியூ ஜல்பைகுரியில் இறங்கி, ஜீப்பில் டார்ஜிலிங் வரைக்கும் வந்தது.

நாங்கள் போனது சிங்காலீலா மலைத்தொடருக்கு. மேற்கு வங்கத்தின் வடகோடியில் இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் எல்லையாகக் கிடக்கும் நீண்ட முகடு அது. மானேபஞ்சங் என்ற சிற்றூரில் தொடங்கும் பாதை, முகட்டை ஒட்டியே ஏறி 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்பூவுக்குப் போகிறது. மேற்கு வங்கத்தில் அதைவிட உயரமான இடம் இல்லை. வழியில் சில ஊர்கள் நேபாளத்தில் இருக்கின்றன, சில இந்தியாவில். டீ குடிக்க ஒரு நாடு, தூங்க ஒரு நாடு என்று நடக்கலாம். நாங்கள் போனது ஏப்ரலில். ரோடோடெண்ட்ரான் பூக்கிற காலம், மூட்டமும் கூடவே வருகிற காலம். பனிமலைகள் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் அக்டோபர், நவம்பர்தான் நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். எங்கள் சண்டைக்கு ஏப்ரல்தான் பொருத்தம்.

டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் விலங்குக் காட்சிச்சாலையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. எவரெஸ்டில் டென்சிங் ஏறிய மறு வருடம், 1954-இல் தொடங்கிய நிறுவனம் அது. அதன் அருங்காட்சியகத்தில் பழைய மலையேற்றச் சாமான்களைப் பார்க்கலாம். கான்வாசும் கம்பளியும் தோலுமாக இருந்த அந்தக் காலத்தில், துணிக்கு இயல்பாக வாய்த்த நிறத்திலேயே பெரும்பாலும் மலைக்குப் போனார்கள். 1935-இல் நைலான் பிறந்து, போருக்குப் பிறகு அது கூடாரத்துணியாகவும் வந்த பின்புதான் நினைத்த சாயத்தில் மலையேறுவது எல்லோருக்கும் கைகூடியது. ஆக, நாங்கள் போட்ட சண்டைக்கு வயது அதிகமில்லை.

அதே வளாகத்தில் சிவப்புப் பாண்டாவைப் பார்த்தோம். செங்கல் நிற முதுகு, கறுத்த வயிறு, வளையம் வளையமாக நிறம் மாறும் வால். நண்பருக்கு உற்சாகம் தாங்கவில்லை. “பாரு, காட்டுலயே பிறந்து வளர்ந்தது. என்ன கலர் போட்டிருக்கு?” என்றார். அப்போது என்னிடம் பதில் இல்லை.

மானேபஞ்சங்கில் உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கட்டாயம் அமர்த்திக்கொள்ள வேண்டும். எங்களுக்கு வந்தவர் ஐம்பதைத் தாண்டியவர். அங்கே எல்லோரும் செய்கிறபடி நாங்களும் அவரை தாஜு, அதாவது அண்ணன், என்றே கூப்பிட்டோம். அவர் முதலில் எங்கள் காலணிகளைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு சின்ன நோட்டை எடுத்து ஒவ்வொருவரின் ஜெர்கின் நிறம், பையின் நிறம், கூடாரத்தின் நிறம் என்று எழுதிக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன்.

“மூட்டத்துல ஆள் பிரிஞ்சா எதிரே வர்ற வழிகாட்டிகிட்ட கேக்கணும் சார். உங்க பேரைச் சொன்னா அவனுக்கு என்ன தெரியும்? சிவப்பு ஜெர்கின் பாத்தியான்னுதான் கேப்பேன்.”

நண்பரை ஒரே சொல்லில் எழுதிவிட்டார். என்னை இரண்டு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு எழுதினார். என்ன எழுதினீர்கள் என்றதற்கு, “கல்லு மாதிரி” என்றார்.

எங்கள் கூட்டத்தில் கொல்கத்தாவிலிருந்து வந்த கல்லூரிப் பையன் ஒருவன் படைவீரர் உடுப்பைப் போன்ற திட்டுத்திட்டான பச்சைக் கால்சட்டை போட்டிருந்தான். தாஜு அவனை மட்டும் உடை மாற்றி வரச் சொன்னார். இந்தப் பாதை முழுக்க எல்லைக் காவலுக்கு நிற்கும் சசஸ்திர சீமா பல் படையின் சாவடிகள் இருக்கின்றன, அடையாள அட்டையைக் காட்டித்தான் கடக்க வேண்டும். அங்கே யாரோ ஒருவர் ராணுவத்துணியில் புதருக்குள்ளிருந்து எழுந்து வருவதை யாரும் ரசிக்க மாட்டார்கள். மங்கிய நிறம் போடுங்கள் என்று சொல்கிறவர்கள் இந்த ஒன்றையும் சேர்த்துச் சொன்னால் நல்லது. எல்லைப் பகுதி எதிலும் படைத்துணி வேண்டாம்.

முதல் ஏற்றத்தின் முடிவில் சித்ரே. சின்ன மடாலயம், அதைச் சுற்றி மந்திரக் கொடிகள். நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்ற அதே வரிசையில் ஆகாயம், காற்று, தீ, நீர், மண். அதற்கு அப்பால் பச்சையும் நீலமுமாகச் சாயம் பூசிய மர வீடுகள், சன்னல்களில் சிவப்பு ஜெரேனியம் தொட்டிகள். என் பாசி நிறப் பெருமை முதலில் ஆட்டம் கண்டது இங்கேதான். மலையில் மங்கிய நிறங்களை உடுத்து, பிறர் கண்ணில் படாமல் நட என்ற ஒழுக்கம் முக்கியமாக அமெரிக்கக் காடுகளிலிருந்து வந்தது. மனிதன் வந்து போகலாம், தங்கக் கூடாது என்று 1964-இல் சட்டமே இயற்றி அவர்கள் காப்பாற்றும் நிலங்கள் உண்டு. அங்கே ஓர் ஏரிக்கரையில் செம்மஞ்சள் கூடாரம் தெரிந்தால், தனிமைக்காக வந்தவனுக்கு அது கூச்சலாகக் கேட்கும். சிங்காலீலா அப்படிப்பட்ட இடமில்லை. இங்கே ஷெர்பாக்களும் குருங்குகளும் தலைமுறைகளாக வாழ்கிறார்கள், தங்கள் மலையைத் தாங்களே வண்ணத்தில் தோய்த்து வைத்திருக்கிறார்கள். யாருமில்லாத மலைக்கு எழுதிய விதியை ஆள் வாழும் மலைக்கு அப்படியே கொண்டுவர முடியாது.

ஒரு சின்னக் குறை உண்டு. முன்பு பருத்தித் துணியில் கட்டிய கொடிகள் வெயிலிலும் மழையிலும் நைந்து மண்ணோடு போகும். இப்போது நிறைய பாலியெஸ்டர். நிறம் வெளுத்த பிறகும் நூல் நையாமல் புதர்களில் சிக்கிக் கிடக்கிறது. கூடவே நூடுல்ஸ் உறைகளும். மலையை அசிங்கமாக்குவது நிறமா என்று கேட்டால், இவற்றைப் பார்த்த பிறகு இல்லை என்றுதான் சொல்வேன்.

சித்ரேக்கு மேலே மேக்மா. வருடத்தில் பாதிக்கு மேல் மேகத்துக்குள் கிடக்கும் ஊர் என்று தாஜு சொன்னார். ஊர் நெருங்கும் முன்பே மூட்டம் வந்து மூடியது. வானிலைக் கணக்கில் ஒரு கிலோமீட்டருக்குக் குறைவாகக் கண் தெரிந்தாலே அது மூடுபனி. நாங்கள் நின்ற இடத்தில் எதிர்த்திசையில் வரும் ஜீப்பே முகத்துக்கு முன்னால்தான் தெரிந்தது. அந்த ஜீப்புகளில் சில 1950-களின் லேண்ட் ரோவர்கள். அந்தச் சாலையில் அவை இன்னும் உருண்டுகொண்டிருப்பதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

மூட்டத்தில் பளிச் நிறம் கிழித்துக்கொண்டு தெரியும் என்று நாங்கள் இருவருமே நினைத்திருந்தோம். சிவப்பு ஒளி மூடுபனியைத் துளைக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம். காற்றின் மூலக்கூறுகளுக்கு அது சரி. மூடுபனியின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அவை சிவப்பு, நீலம் என்று பேதம் பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கின்றன. பொருளுக்கும் கண்ணுக்கும் நடுவே வெள்ளொளி சேர்ந்துகொண்டே போக, நிறம் மட்டும் கரைகிறது. முன்னால் நடந்த நண்பரின் சிவப்பு முதலில் செங்கல்லாகி, பிறகு பழுப்பாகி, கடைசியில் நிறமே இல்லாத ஓர் உருவமாக நின்றது. ஆனால் நின்றது. நான் பின்னால் எங்கே வருகிறேன் என்பதே தெரியவில்லை என்று தாஜு இரண்டு தடவை திரும்பி வந்தார். என் சாம்பல் ஜெர்கின் மூட்டத்தின் நிறத்திலேயே இருந்ததுதான் காரணம்.

எல்லோரையும் விட அதிக தூரத்துக்குத் தெரிந்தது, எதிரே கூடை சுமந்து வந்த கிழவியின் கறுப்புக் குடை. யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை. வெள்ளைப் பின்னணியில் கடைசியாக மறைவது கறுப்புதான். பார்வைத் தொலைவைக் கணக்கிட வானிலையாளர்கள் எடுத்துக்கொண்டதும் கறுப்புப் பொருளைத்தான். ஆனால் அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மூட்டத்தில் பாறையும் கறுப்பு, மரமும் கறுப்பு, குடை பிடித்த கிழவியும் கறுப்பு. ஏதோ ஒன்று இருக்கிறது என்று தெரியும், அது ஆள் என்று தெரியாது. கிட்டத்தில் வந்ததும் செம்மஞ்சள் ஒரு நொடியில் ஆள் என்று சொல்லிவிடும். காட்டில் வேறெதுவும் அந்த நிறத்தில் நிற்பதில்லை.

சாலைப் பணியாளர்கள் போடுகிற, கண்ணைக் குத்தும் அந்த மஞ்சளும் செம்மஞ்சளும் இன்னும் ஒரு படி மேலே. அவை சாதாரணச் சாயங்கள் அல்ல. கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை விழுங்கி, அதைத் தெரிகிற நிறமாகத் திருப்பிக் கொடுக்கின்றன. அதனால் தம்மேல் விழும் வெளிச்சத்தைவிடக் கூடுதலாக ஒளிர்வதாகத் தோன்றும். 1930-களில் கலிஃபோர்னியாவில் ஸ்விட்சர் என்ற சகோதரர்கள் உருவாக்கியவை இவை. இரண்டாம் உலகப் போரில் விமானங்களுக்குத் தரையிலிருந்து அடையாளம் காட்ட இந்தத் துணிகளை விரித்தார்கள். மேகமூட்டமான பகலில் இவைதான் ராஜா. சூரியன் போனதும் இவையும் போயின. இரவில் நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் ஆளைக் காட்ட வேண்டுமென்றால் நிறம் எதுவானாலும் பயனில்லை. வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் வெள்ளிப் பட்டை வேண்டும். கடையில் ஜெர்கின் வாங்கும்போது நிறத்தைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

தும்லிங்கில் சாயங்காலம் மூட்டம் விலகியது. விடுதிக்குப் பின்னால் சரிவு முழுக்க ரோடோடெண்ட்ரான். நம் நீலகிரி உச்சிகளில் பூக்கிறதே, அதே இனத்துச் சிவப்பு. பொழுது சாயச் சாய ஒன்றைக் கவனித்தேன். இலைகள் இன்னும் இலைகளாகத் தெரிகின்றன. பூக்கள் கறுத்துவிட்டன. பகல் வெளிச்சத்தில் நம் கண் அதிகமாக உணர்வது மஞ்சள் கலந்த பச்சையை, 555 நானோமீட்டர் அலைநீளத்தை. இருட்டத் தொடங்கியதும் கண்ணின் வேறு செல்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. அவற்றுக்குப் பிடித்தது 507 நானோமீட்டர், நீலம் கலந்த பச்சை. அந்தச் செல்களுக்குச் சிவப்பு என்றால் கறுப்புதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் நாட்டு அறிஞர் பூர்கின்யே இதைக் கவனித்து எழுதியதால் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

நண்பரைச் சரிவில் போய் நிற்கச் சொன்னேன். மிளகாய்ப்பழச் சிவப்பும் ரோடோடெண்ட்ரானைப் போலவே கறுத்தது. முதுகில் இருந்த செம்மஞ்சள் பை இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது. ஆள் தொலைவதும் தேடுவதும் பொழுது சாய்கிற நேரத்திலும் நடக்கும். மலைக்கென்றே சிவப்பு வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஆண்களில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. தேட வருகிறவர் அவர்களில் ஒருவராக இருந்தால், பச்சைக் காட்டில் சிவப்பு ஜெர்கின் வெறும் காடுதான். மஞ்சளுக்கு அந்தக் கண்டம் குறைவு.

கைரிபாஸ் கடந்து காயாகட்டா பக்கம் வந்தபோது தாஜு சட்டென்று கையைக் காட்டி நிறுத்தினார். மூங்கில் புதர்களுக்கு மேலே பாசி தொங்கும் பெரிய மரம். “பாண்டா” என்றார். நாங்கள் பார்த்தோம். மரத்தில் பாசி கொத்துக் கொத்தாகத் தொங்கியது, அதில் பாதி செம்பழுப்பு, மீதி வெளிறிய சாம்பல். அந்தச் செம்பழுப்புக் கொத்துகளில் ஒன்று பாண்டாவாம். தாஜு கிளை கிளையாக வழி சொன்னார். கடைசியில் அவர் வால் என்று காட்டியதை நானும் வால் என்று ஒப்புக்கொண்டேன், அதற்கு மேல் என்னால் சத்தியம் செய்ய முடியாது. டார்ஜிலிங் கூண்டுக்குள் அவ்வளவு பளிச்சென்று இருந்த அந்த முதுகு இந்தப் பாசிக்கென்றே நெய்ததாக இருந்தது. வயிறு கறுப்பாக இருப்பதும் அதே கணக்கில்தான், கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பவனுக்கு இலைகளின் நிழலோடு அது கலந்துவிடும். டார்ஜிலிங் காட்சிச்சாலையில் பிறந்த பாண்டாக்களை 2003 முதல் இந்தக் காட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். விட்ட பிறகு அவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கு என்ன பாடு பட்டிருப்பார்களோ.

நண்பருக்கு நான் தர வேண்டிய பதில் அந்த மரத்தில் கிடைத்தது. அதோடு என் கட்சியும் பாதி உடைந்தது. மங்கிய நிறம் போட்டால் விலங்குகளைத் தொந்தரவு செய்ய மாட்டோம் என்பது என் வாதங்களில் ஒன்று. விலங்குகள் நம் கண்ணோடு பார்ப்பதில்லை. மானுக்கு இரண்டு வகை நிற உணர்செல்கள்தான் உண்டு, நமக்கு மூன்று. புலியின் செம்மஞ்சள் மானுக்குப் பச்சையாகத்தான் தெரிகிறது. அதனால்தான் அவ்வளவு பகட்டான உடம்பை வைத்துக்கொண்டு புலி பிழைக்கிறது. அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்குப் பல மாநிலங்களில் செம்மஞ்சள் மேலாடை கட்டாயம். மானுக்கு அது மங்கல், பக்கத்து வேட்டைக்காரனுக்கு அது எச்சரிக்கை. நீலம்தான் மானுக்கு நன்றாகத் தெரியும். யானைக்கும் இரண்டே வகைதான். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் நடக்கப் போகிறவர்களிடம் காக்கி, பச்சை போடுங்கள் என்று சொல்வார்கள். நல்ல அறிவுரைதான், ஆனால் நாம் பூசிக்கொண்ட சென்ட்டு நமக்கு வெகு முன்னாலேயே யானையிடம் போய்ச் சேர்ந்துவிடும். அந்த வாசனைக்குக் காக்கி போட முடியாது.

பறவைகள் கதை வேறு. அவற்றுக்கு நான்கு வகை உணர்செல்கள், புற ஊதாவும் தெரியும். சாட்டர் டிராகோபன் என்ற சிவப்புக் காட்டுக்கோழியைப் பார்க்க இந்த மலைக்கு உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் எல்லோருமே தேங்கிய குட்டையின் நிறத்தில்தான் உடுத்தியிருந்தார்கள், அவர்களுக்கு அது தொழில் தர்மம். பூச்சிகள் இன்னொரு கணக்கு. மலைத்தேனீக்கள் கலைந்தால் கருநிறத் துணி மேல்தான் முதலில் பாயும். தேனீ வளர்ப்பவர்கள் வெள்ளை உடுத்துவது அதனால்தான். அட்டைக்கும் உண்ணிக்கும் எந்த நிறமானாலும் ஒன்றுதான், ஆனால் வெளிர் நிறக் காலுறையில் அவை ஏறுவது நமக்குத் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் என் அம்மாவின் சட்டம் தலைகீழாகிறது, அழுக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

ஆக, யானை, மான், பாண்டா எல்லோரையும் வழக்கிலிருந்து விடுவித்துவிட்டால் மிஞ்சுவது மனிதர்கள்தான். மங்கிய நிறம் இன்னொரு மனிதனுக்குக் காட்டும் மரியாதை. பளிச் நிறமும் இன்னொரு மனிதனுக்குத்தான், நம்மைத் தேடி வரப்போகிறவனுக்கு. காளிபோக்ரி ஏற்றம் முழுக்க இதையே மென்றுகொண்டு நடந்தேன்.

காளிபோக்ரியில் விடுதிக்காரரிடம் கேட்டு அவர் வீட்டுத் திடலில் கூடாரம் அடித்தோம். பக்கத்தில் ஒரு பெரிய குழுவின் மஞ்சள் கூடாரங்கள் வரிசையாக நின்றன. ராத்திரி முழுக்கக் காற்று. விடிந்தும் விடியாமலும் கண் விழித்தால், எங்கள் பாசிக் கூடாரத்துக்குள் பாழுங்கிணற்று வெளிச்சம். நண்பர் முகம் நோயாளி முகமாக இருந்தது, என் முகத்தைப் பற்றி அவரும் அதையே சொன்னார். மழையா, மூட்டமா, வெயிலா என்று உள்ளேயிருந்து சொல்ல முடியவில்லை. பக்கத்துக் கூடாரத்தில் டீ குடிக்கக் கூப்பிட்டார்கள். மஞ்சள் துணிக்குள் நுழைந்ததும் வெளியே வெயிலடிக்கிறது என்றே நினைத்தேன், அங்கேயும் அதே மேகம்தான். காற்றும் மழையும் ஆளைக் கூடாரத்துக்குள் பகலெல்லாம் அடைத்துப்போடும் மலைகளில் இந்த வெளிச்சம் சின்ன விஷயமில்லை. உயர மலைகளின் அடிமுகாம்களில் மஞ்சள் கூடாரங்கள் அதிகம் தென்படுவதற்குத் தேடுகிறவர்களின் கண் மட்டும் காரணமில்லை என்று அன்றைக்குப் புரிந்தது.

கூடாரத்தைப் பிரிக்கும்போது முளைகளில் ஒன்று குறைந்தது. அலுமினிய முளை, சாம்பல் நிறம், பனி படிந்த புல். நான் மண்டியிட்டுத் தடவிக்கொண்டிருந்தபோது தாஜு தன் கூடார முளைகளைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. இதில் விவாதமே கிடையாது. முளை, கத்தி, தீப்பெட்டி டப்பா, விளக்கு, சின்னப் பைகள் எல்லாம் எவ்வளவு அடிக்கிற கலரில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கறுப்பு நெற்றி விளக்கைத் தயாரிக்கிறவர்கள் இருட்டில் எதையும் கீழே போட்டுத் தேடியதில்லை போலிருக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் பளிச் நிறங்களுக்கு எதிராக. உயரம் ஆயிரம் மீட்டர் கூடக் கூட, புற ஊதா ஒளி பத்து சதவீத அளவில் கூடுகிறது. கூடாரத் துணியை முதலில் தின்பது மழையல்ல, அந்த வெயில். ஒளிரும் சாயங்கள்தான் முதலில் வெளுக்கும். பக்கத்துக் குழுவின் பழைய கூடாரங்களில் செம்மஞ்சளாகப் பிறந்தவை பழைய ரோஜாப்பூ நிறத்துக்கு வந்திருந்தன. பாசி வெளுத்தாலும் பாசிதான்.

விக்கே பஞ்சங்கிலிருந்து செங்குத்தான கடைசி ஏற்றத்தை மூச்சு வாங்கி ஏறி சந்தக்பூ சேர்ந்தோம். மறுநாள் விடியும் முன்பே எல்லோரும் மேட்டில் கூடிவிட்டார்கள். மேகம் கீழே படுத்துவிட, எதிரே ‘தூங்கும் புத்தர்’. 8,586 மீட்டர் கஞ்சன்ஜங்கா புத்தரின் உடம்பு, அதன் மேற்கே முகமாக இருக்கும் சிகரத்தின் பெயர் கும்பகர்ணன். தூங்குவதற்கு அவனைவிடப் பொருத்தமான ஆள் யார்? மேற்கே லோட்சேக்கும் மகாலுவுக்கும் நடுவில் எவரெஸ்ட், சின்னதாகத் தெரிந்தது.

அப்போதுதான் ரகளை. மேட்டின் விளிம்பில் யாரோ இரண்டு செம்மஞ்சள் கூடாரங்களை அடித்திருந்தார்கள், சரியாகக் கஞ்சன்ஜங்காவுக்கு நேரே. முக்காலி வைத்திருந்த வங்காளிப் பெரியவர் ஒருவர் கோபத்தில் கொதித்தார். நாற்பது வருடமாக இந்த மலையைப் படமெடுக்கிறேன், மலைக்கு முன்னால் இப்படித் தக்காளியைக் கொட்டிவைத்தால் என்ன செய்வது என்றார். அவருக்குப் பக்கத்திலேயே ஓர் இளம்பெண் தரையில் படுத்து, அந்தக் கூடாரங்களுக்குள் விளக்கை ஏற்றச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு மலையைவிட அந்த ஒளிரும் கூடாரம்தான் படம். கடையில் அந்தப் பையன் சொன்னது ஞாபகம் வந்தது. பளிச் நிறங்களின் சந்தை பாதுகாப்பால் மட்டும் பெருகவில்லை. எனக்குப் பெரியவர் பக்கம்தான் மனசு. ஆனால் விளிம்பிலிருந்து நாற்பதடி உள்ளே தள்ளி அடித்திருந்தால் அந்தக் கூடாரங்கள் எந்த நிறத்தில் இருந்தாலும் அவருக்குப் பிரச்சினை இருந்திருக்காது. இடம் தேர்ந்தெடுக்கத் தெரியாதவன் பாசிக் கூடாரத்தையும் அதே விளிம்பில்தான் அடிப்பான்.

எவரெஸ்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மல்லோரியின் நினைப்பு வந்தது. 1924-இல் டார்ஜிலிங்கிலிருந்து புறப்பட்டுத் திபெத் வழியாகப் போன குழுவில் இருந்தவர். பருத்தி, பட்டு, கம்பளி, கபர்டீன் உடுத்தி மேலே போனார், திரும்பவில்லை. எழுபத்தைந்து வருடம் கழித்து 1999-இல் அவரது உடலைக் கண்டுபிடித்தவரின் கண்ணை இழுத்தது அவர் உடுத்தியிருந்த எந்தத் துணியும் அல்ல. வெயிலிலும் பனியிலும் வெளுத்துப்போன முதுகின் வெண்மைதான், பக்கத்திலிருந்த பனியைவிட வெளுத்த வெண்மை. அதே மலையின் வடகிழக்கு முகட்டுக்குக் கீழே ஒரு சரிவை மலையேறிகள் வானவில் பள்ளத்தாக்கு என்கிறார்கள். அங்கேயே கிடக்கும் உடல்களின் சிவப்பு, நீல, பச்சை ஜெர்கின்களால் வந்த பெயர். நிறம் கண்டுபிடித்துத் தரும். கொண்டுவந்து சேர்ப்பது வேறு வேலை.

தாஜுவிடம் கேட்டேன், இத்தனை வருடத்தில் ஆளைத் தேடிப் போனபோது எந்த நிறம் உதவியது என்று. “சத்தம்” என்றார். கழுத்தில் தொங்கிய ஊதலைக் காட்டினார். நிமிடத்துக்கு ஆறு தடவை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு. மலைகளில் உதவி கேட்கும் முறை அது, பதில் மூன்று. மூட்டத்திலும் இருட்டிலும் ஊதல்தான் வேலை செய்யும். நிறம் வேலை செய்வது வானம் திறந்து, ஹெலிகாப்டரோ எதிர்ச் சரிவில் ஓர் ஆளோ பார்க்கும்போது. அப்போதும் போட்டிருக்கும் ஜெர்கின் போதாது, உயரத்திலிருந்து ஆள் ஒரு புள்ளி. பெரிய துணியை விரித்து அசைக்க வேண்டும். அசைகிற நிறம் நிற்கிற நிறத்தைவிடப் பல மடங்கு தெரியும்.

இது சரியாகப் பட்டது. நாள் முழுக்க நாம் தொலைந்துபோவதில்லை. தொலைகிற நேரத்துக்காகப் பகலெல்லாம் கத்திக்கொண்டே நடக்க வேண்டியதில்லை. உடுப்பும் கூடாரமும் அடக்கமாக இருக்கட்டும், மடித்து வைத்த ஒன்று மட்டும் அலறட்டும், வேண்டும்போது விரித்துக்கொள்ளலாம். பையின் மழை உறையையே செம்மஞ்சளில் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. மழையும் மூட்டமும் வந்தால்தான் அதை வெளியே எடுப்பார்கள், அது வேண்டியதும் அப்போதுதான். நண்பர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அடிபட்டு மயங்கிக் கிடக்கிறவன் எழுந்து துணியை விரிப்பானா என்று கேட்டார். நியாயமான கேள்வி. தனியாக நடக்கிறவன் அவர் கட்சியில் சேர்ந்துகொள்வதுதான் புத்திசாலித்தனம். வேட்டைக் காலத்துக் காட்டிலும், பனிமூடிய உயர மலையிலும் எல்லோருக்கும் அவர் கட்சிதான்.

குர்தும் வழியாக ஸ்ரீகோலாவுக்கு இறங்கும் காடு முழுக்க இந்த விவாதம் ஓடி, ரிம்பிக்கில் ஜீப் ஏறும்போது ஓய்ந்தது. அந்தக் காட்டின் அழகை இருவருமே சரியாகப் பார்க்கவில்லை.

சென்னைக்கு வந்ததும் பாரிமுனையில் தார்ப்பாய் தைத்துக்கொடுக்கும் கடை ஒன்றுக்குப் போனேன். கூடாரத்துக்கு அடியில் விரிக்க ஒரு விரிப்பு, ஒரு பக்கம் பாசி, மறு பக்கம் கண்ணைக் குத்தும் செம்மஞ்சள், நாலு மூலையிலும் வளையம், ஓரம் முழுக்க வெள்ளிப் பட்டை. தையல்காரர் இரண்டு துணியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“இதுல நல்ல பக்கம் எது சார்? அதை வெச்சுத்தான் ஓரம் மடிக்கணும்.”

“ரெண்டுமே வெளியே வரும்ணே.”

“அப்ப ரெட்டைத் தையல் போடணும்” என்றார். அதற்குத் தனியாக நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.